தண்ணீர் கொடுக்கப் போனவர்கள்

நவம்பர் மாதச் சிந்தனை: வானொலியில் ஒலிபரப்பான மறையுரை



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களுக்குப் புதுக்களை வந்துவிடும். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பலிபீடத்தருகே வைக்கிறோம். நோயில் இறந்தவர், விபத்தில் இறந்தவர், கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்று பல பெயர்கள் அந்தத் தாள்களில் இருக்கும். போரில் இறந்த இளைஞரின் பெயர் எப்போதாவது ஒன்று இருக்கலாம்.

ஆனால் இறந்தோருக்காகச் செபிக்கும் நம் வழக்கத்துக்குப் பழைய ஏற்பாட்டில் நாம் காணும் தெளிவான சான்று போர்க்களத்தில் இறந்தவர்களைப் பற்றியதுதான். கல்லறைத் திருநாளன்று குருக்கள் மூன்று திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் உலகம் முழுவதும் பரவியதும் ஒரு போரின் நடுவில்தான். ஆகவே இன்று ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சீருடை அணிந்து அயல்நாட்டுக்குப் போய், போரில் இறந்த ஓர் இளைஞரைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எப்படி நினைவுகூர வேண்டும்? அந்தப் போர் சரியா தவறா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயாதபோது அவருக்காக எப்படிச் செபிப்பது? ஓர் உண்மை நிகழ்ச்சியை முன்வைத்து இதைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே, கிரீன்ஸ்பர்க் என்ற சிறிய ஊர் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 16,000 பேர் வாழ்ந்தார்கள். 1951-ஆம் ஆண்டு முதல் அது ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமும் ஆகும். அந்த ஊரில் ராணுவத்தின் ரிசர்வ் படைப்பிரிவு ஒன்று இருந்தது. 14-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு என்பது அதன் பெயர். மொத்தம் 69 பேர்.

ரிசர்வ் படை என்றால் என்ன? நம் நாட்டில் டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஏறத்தாழ அதைப் போன்றது. அதில் இருப்பவர்கள் முழுநேரப் படைவீரர்கள் அல்லர். அவர்களுக்கு வேறு வேலை உண்டு. சிலர் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, ஆண்டில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாள்களில் அவர்கள் நம்மைப் போலக் கடைத்தெருவில் நடப்பவர்கள், கோவிலுக்கு வருபவர்கள், வீட்டில் தட்டுக் கழுவுபவர்கள். படிப்புக்குப் பணம் கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் உண்டு. நாட்டுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று சேர்ந்தவர்களும் உண்டு. போர் என்று அரசு அழைத்தால் மட்டும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கிரீன்ஸ்பர்க் பிரிவின் வேலை என்ன தெரியுமா? தண்ணீரைச் சுத்திகரிப்பது. நம் தெருக்களில் கேன் தண்ணீர் விற்கிறார்களே, அதற்குப் பயன்படும் ஆர்.ஓ. முறையைத்தான் ராணுவமும் பெரிய இயந்திரங்களில் வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீரையும் கலங்கல் தண்ணீரையும் குடிதண்ணீராக்கிப் படைகளுக்குக் கொடுப்பதே இவர்களுடைய பணி. பாலைவனத்தில் அதைவிடத் தேவையான பணி வேறென்ன இருக்க முடியும்?

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அந்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பிழைப்புத் தேடிக் குவைத்துக்குப் போயிருந்த நம் பிள்ளைகளிடமிருந்து செய்தி வராமல் தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அள்ளிக்கொண்டு வந்தன. போருக்கு அஞ்சி நம் பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, அதே பாலைவனத்துக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப வேறு நாட்டுத் தாய்மார்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

1991 ஜனவரி 15 அன்று கிரீன்ஸ்பர்க் பிரிவுக்கு அழைப்பு வந்தது. அதே ஜனவரி 15 அன்றுதான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அமெரிக்க அதிபருக்கும் ஈராக் அதிபருக்கும் தனித்தனியே கடிதம் எழுதி, போரைத் தவிர்க்கும்படி மன்றாடினார். அவருடைய வேண்டுகோள் எடுபடவில்லை. போர் தொடங்கியது. கிரீன்ஸ்பர்க் வீரர்கள் ஒரு மாதம் பயிற்சி பெற்று, பிப்ரவரி 19-ஆம் நாள் சவூதி அரேபியாவில் போய் இறங்கினார்கள். தஹ்ரான் நகரை அடுத்த அல் கோபரில், படைவீரர் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்த ஒரு கிடங்கில் அவர்களைத் தங்கவைத்தார்கள்.

ஆறு நாள்கள் ஆயின. பிப்ரவரி 25, திங்கள்கிழமை. இரவு எட்டு மணி நாற்பது நிமிடம் அளவில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று அந்தக் கிடங்கின்மீது விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் பெண்கள். கிரீன்ஸ்பர்க்கின் 69 பேரில் மட்டும் 13 பேர் இறந்தார்கள். 43 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். அங்கே இரவு என்றால் அவர்கள் ஊரில் நண்பகல் கழிந்த நேரம். மதிய உணவு வேளை. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, போர் நின்றது.

அன்பு நேயர்களே, அந்த வீடுகளில் பிறகு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும். “இன்னும் மூன்றே நாள்!” அதோடு நிற்கவில்லை. எதிரி ஏவுகணைகளைத் தடுக்க அங்கே பேட்ரியாட் என்ற தற்காப்புக் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. அது நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் இயங்கியதால், அதன் கணினிக் கடிகாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி பிசகிவிட்டது. வருகிற ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. ஆகவே அதைத் தடுக்கவேயில்லை. இந்தக் கோளாறைச் சரிசெய்யும் புதிய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று. ஒரே ஒரு நாள் தாமதம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இவை எல்லாம் இருக்கின்றன.

இப்படிப்பட்ட சாவின் முன்னால் நம் ஊரில் என்ன சொல்வோம்? “விதி முடிஞ்சு போச்சு” என்போம். “ஆண்டவர் சித்தம்” என்போம். “அவனுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்” என்போம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழும்? ஏவுகணையைக் கடவுளே அனுப்பினார் என்று சொன்னதுபோல் விழும்.

நற்செய்தி நமக்கு வேறு வழி காட்டுகிறது. லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசு நினைவுபடுத்துகிறார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். இடிந்து விழுந்த கூரைக்கும் அதன் கீழே கிடந்தவர்களின் பாவத்துக்கும் முடிச்சுப் போட அவர் நம்மை விடவில்லை. மனந்திரும்புங்கள் என்று உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தா இயேசுவிடம் என்ன சொல்கிறார்? நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்கிறார். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால், மூன்று நாள் முன்னால் போர் முடிந்திருந்தால் என்று துக்க வீட்டில் எழும் எல்லாப் புலம்பலும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. இயேசு மார்த்தாவைக் கண்டிக்கவில்லை. அப்படிப் பேசாதே என்று அவர் வாயை அடைக்கவில்லை. கல்லறைக்குப் போகிறார், போகும் வழியில் அழுகிறார். துக்க வீட்டுக்குப் போகும் நாமும் விளக்கம் சொல்ல அவசரப்படாமல் கூட உட்கார்ந்து அழுதால் போதும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். போரில் இறந்தவரை நினைவுகூரும்போது இரண்டு சோதனைகள் நமக்கு வருகின்றன. முதல் சோதனை, இறந்தவரைப் போற்றுகிற சாக்கில் போரையே புனிதமாக்கிவிடுவது. கொடி போர்த்தி, துப்பாக்கி முழக்கி, மேடையில் பேசுகிறார்கள். இறந்த பிள்ளையின் முகம் மறைந்து கொடி மட்டும் தெரிகிறது. இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிரானது. போரை வெறுக்கிறோம் என்பதற்காக அதில் இறந்தவரையும் ஒதுக்கிவிடுவது, “யார் அங்கே போகச் சொன்னார்கள்?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவது.

இரண்டாம் மக்கபேயர் நூலின் 12-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். போர் முடிந்தபின் யூதா மக்கபேயும் அவருடைய ஆள்களும் இறந்த தோழர்களின் உடல்களை எடுத்துவரப் போகிறார்கள். அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. இறந்த ஒவ்வொருவருடைய உள்ளாடைக்குள்ளும் யாம்னியா நகரத்துச் சிலைகளின் தாயத்துகள் இருக்கின்றன. திருச்சட்டம் தடைசெய்த பொருள்கள். கடவுளின் பெயரால் போரிடப் போனவர்கள் உள்ளே வேறு தெய்வத்தைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

யூதா என்ன செய்தார்? மாவீரர்கள் என்று சொல்லித் தாயத்தை மறைத்து அடக்கம் செய்யவில்லை. துரோகிகள் என்று சொல்லி உடல்களைக் கழுகுகளுக்கு விட்டுவிடவும் இல்லை. நடந்த பாவத்தைப் பாவம் என்று ஒப்புக்கொண்டு, அது முற்றிலும் மன்னிக்கப்பட வேண்டும் என்று எல்லாரும் மன்றாடினார்கள். பிறகு ஆளுக்கு ஆள் காசு திரட்டி, ஏறத்தாழ இரண்டாயிரம் திராக்மா வெள்ளியை எருசலேமுக்கு அனுப்பி, இறந்தவர்களுக்காகப் பாவம்போக்கும் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை இல்லையென்றால் இதெல்லாம் வீண் வேலை என்று நூலாசிரியர் விளக்குகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உத்தரிப்பு நிலையைப் பற்றிக் கற்பிக்கும்போது இந்தப் பகுதியைத்தான் சுட்டிக்காட்டுகிறது.

இதில் நமக்குப் பெரிய விடுதலை இருக்கிறது, சகோதர சகோதரிகளே. ஒருவருக்காகச் செபிக்க அவர் குறையற்றவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் இறந்த போர் நியாயமானதாக இருந்திருக்கவும் வேண்டியதில்லை. சீருடையில் இறந்ததால் ஒருவர் புனிதராகிவிடுகிறார் என்று திருச்சபை சொல்வதில்லை; சீருடை அணிந்ததால் அவரைத் தள்ளிவைப்பதும் இல்லை. அவருடைய தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிட்டு, அவருக்காக இரக்கத்தை வேண்டுகிறது. கிடங்கில் குண்டு விழுந்த அந்த பிப்ரவரி 25, தவக்காலத்தின் இரண்டாம் வாரத் திங்கள்கிழமை. அன்றைய திருப்பலியில் உலகெங்கும் வாசிக்கப்படும் நற்செய்தி, லூக்கா 6-ஆம் அதிகாரத்தில், தந்தையைப் போல இரக்கமுள்ளவர்களாக இருக்கவும், பிறருக்குத் தீர்ப்பிடாமல் இருக்கவும் இயேசு கற்பிக்கிற பகுதி. இறந்த படைவீரரின் முன் நாம் எடுக்க வேண்டிய நிலை அதுதான்.

அப்படியானால் போரைப் பற்றித் திருச்சபை வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் ஓர் அனுமதி கொடுத்தார். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்பதே அது. ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் முன்பே இருந்த சலுகையை, போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த நேரத்தில் அவர் உலகத் திருச்சபை முழுமைக்கும் விரித்தார். நவம்பர் 2 அன்று காலையில் ஒரு பூசை, கல்லறை மந்திரிப்பின்போது ஒரு பூசை என்று நாம் பங்குகொள்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அதே திருத்தந்தைதான் 1917 ஆகஸ்டில், போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்று கண்டித்தார். படுகொலையைக் கண்டித்த அதே வாய், கொல்லப்பட்டவர்களுக்காக மூன்று முறை பலி ஒப்புக்கொடுக்கவும் வழி செய்தது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதே வழியில்தான் நடந்தது. இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டில், மக்களின் பாதுகாப்புக்காகப் படையில் பணிசெய்வோர் அந்தக் கடமையைச் சரியாக நிறைவேற்றினால் அமைதிக்கு உண்மையாகவே உதவுகிறார்கள் என்று சங்கத் தந்தையர் கூறினார்கள். அடுத்த பத்தியிலேயே, நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தார்கள்.

இங்கே இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நம் செபம் ஒரு பக்கத்து இறந்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. அல் கோபர் கிடங்கு தாக்கப்படுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 13 அதிகாலையில், பாக்தாத் நகரின் அமிரியா பகுதியில் மக்கள் ஒதுங்கியிருந்த பதுங்குமிடத்தின்மீது அமெரிக்க விமானம் குண்டு வீசியது. நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அன்று திருநீற்றுப் புதன். மனிதர் மண்ணிலிருந்து வந்தவர், மண்ணுக்கே திரும்புவார் என்று நாம் சாம்பல் பூசிக்கொண்ட நாள். ஈராக்கிலும் ரிசர்வ் வீரர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் தாய்மார்கள் உண்டு. கிரீன்ஸ்பர்க்கின் இளைஞருக்காகச் செபிக்கிற நாவால் பாக்தாத்தின் குழந்தைக்காகவும் செபிக்க முடிகிறதா? முடிந்தால்தான் அது கிறிஸ்தவச் செபம். பகைவருக்காகவும் மன்றாடச் சொன்னவர் நம் ஆண்டவர்.

இளமையிலேயே போய்விட்டாரே என்ற ஏக்கத்துக்குத் திருச்சபை என்ன சொல்கிறது? சாலமோனின் ஞானம் நூல், 4-ஆம் அதிகாரத்தில், ஒருவர் வாழ்வின் நிறைவை ஆண்டுகளின் எண்ணிக்கையால் அளக்க முடியாது என்று கற்பிக்கிறது. கிரீன்ஸ்பர்க் வீரர்கள் போர்முனைப் பணியில் இருந்தது ஆறே நாள். ஆனால் அவர்கள் எதற்காகப் பயிற்சி பெற்றார்கள்? தாகத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க. சிறியவர் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று இயேசு வாக்களித்தார். கொடுக்கும் முன்பே கை தளர்ந்து விழுந்துவிட்டால், கொடுக்க நினைத்த உள்ளத்தை அவர் காணாமல் இருப்பாரா?

கிரீன்ஸ்பர்க்கில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25 அன்று அங்கே கூடுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் கல் நினைவூட்டுமே தவிர, இறந்தவருக்கு எதுவும் செய்யாது. புனித மோனிக்கா 387-ஆம் ஆண்டில், சொந்த ஊரான தகாஸ்தேவிலிருந்து கடல் கடந்து, உரோமை அருகே ஓஸ்தியாத் துறைமுகத்தில் இறந்தார். சொந்த மண்ணில், கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டவர் அவர். கடைசியில் அதை விட்டுவிட்டார். உடலை எங்கே வைத்தாலும் சரி, ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அயல்நாட்டில் இறக்கும் ஒவ்வொருவர் சார்பாகவும் அந்தத் தாய் நம்மிடம் கேட்பதாக எடுத்துக்கொள்வோம்.

ஆகவே இந்த மாதத்தில் மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, கல்லறைத் திருநாளுக்கு எழுதும் பெயர்ப்பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்ப்போம்: போர்களில் இறந்த படைவீரர்கள், பொதுமக்கள் அனைவரும். எந்த நாட்டவர் என்று எழுத வேண்டாம். இரண்டாவது, நவம்பர் முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், ஒப்புரவு அருளடையாளம் பெற்று, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபித்து, பாவப் பற்றின்றி இருந்தால், இறந்த ஓர் ஆன்மாவுக்காகப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம். அதில் ஒரு நாளை, செபிக்க ஆள் இல்லாத ஓர் இளம் படைவீரருக்காக வைப்போம். மூன்றாவது, நம் பங்கிலோ பக்கத்து ஊரிலோ பிள்ளையைப் படையில் பறிகொடுத்த வீடு இருந்தால், போய் வருவோம். இறந்த அன்று ஊரே திரண்டு வரும். அமைச்சர் வருவார், மாலை வரும். ஐந்தாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில் அந்த வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது போவோம். அந்தப் பிள்ளையின் பெயரைத் தாயின் காது கேட்கச் சொல்வோம். அவர்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, முழந்தாளிட்டு ஒரு நித்திய இளைப்பாற்றி சொல்லிவிட்டு வருவோம்.

சிலுவையில் தாகமாயிருந்த ஆண்டவர், தாகத்தோடு இறந்த அனைவரையும் தம் வாழ்வின் ஊற்றருகே சேர்த்துக்கொள்வாராக. ஆமென்.